சாட்டர்னா, ஜியோ பிரிஸமா? ஒரே கம்பெனி சொன்ன இரண்டு பதில்கள்

அமெரிக்காவில் குறைந்த விலைக்கு ஒரு பழைய காரைத் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது டொயோட்டாவின் கொரொல்லா, இல்லையென்றால் ஹோண்டாவின் சிவிக். இரண்டும் எவ்வளவு பழசானாலும் விலை இறங்காது. அலைந்து சலித்த பிறகுதான் சாட்டர்ன், ஜியோ என்று இரண்டு பெயர்கள் கண்ணில் படும். இரண்டும் இன்றைக்கு இல்லாத பிராண்டுகள், இரண்டும் ஜெனரல் மோட்டார்ஸ் பெற்ற பிள்ளைகள். (இந்த ஜியோவுக்கும் நம் செல்போன் ஜியோவுக்கும் சம்பந்தம் இல்லை, இது 1989-இலேயே வந்துவிட்டது.) இரண்டில் எது நல்லது என்று கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. இயந்திரமாகப் பார்த்தால் ஜியோவின் பிரிஸம் மேல், வாங்கியவர்கள் மனசில் இடம்பிடித்தது சாட்டர்ன். கம்பெனி கடைசியில் இரண்டையுமே கைவிட்டது, எனக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

கதை 1980-களின் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. சின்ன கார் என்றால் ஜப்பான் கார்தான் என்று அமெரிக்கர்கள் முடிவு கட்டியிருந்த காலம். ஜப்பான்காரர்களைப் போல மலிவாகவும் ஒழுங்காகவும் ஒரு சின்ன காரை ஏன் நம்மால் செய்ய முடியவில்லை என்ற கேள்விக்கு ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே நேரத்தில் இரண்டு வழிகளில் விடை தேடியது. ஒன்று, போட்டியாளரிடமே போய்க் கற்றுக்கொள்வது. இன்னொன்று, பழசையெல்லாம் ஒதுக்கிவிட்டு வெறும் தரையிலிருந்து தொடங்குவது.

முதல் வழி கலிஃபோர்னியாவின் ஃப்ரிமான்ட்டில் நடந்தது. அங்கே இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, வேலைக்கு வராமை, ஓயாத தகராறு, மோசமான தரம் என்று பெயர் கெட்டு 1982-இல் மூடப்பட்டது. அதே ஆலையை டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து 1984-இல் திறந்தார்கள், நியூ யுனைடெட் மோட்டார் என்று பெயர், சுருக்கமாக நம்மி என்பார்கள். வேலைக்கு எடுத்ததும் பெரும்பாலும் பழைய தொழிலாளர்களைத்தான், சங்கமும் அதே சங்கம்தான். மாறியது வேலை செய்யும் முறை. தப்பைக் கண்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து மொத்த வரிசையையும் நிறுத்தலாம் என்று வைத்தார்கள். கொஞ்ச காலத்திலேயே அங்கிருந்து வந்த கார்களின் தரம் ஜப்பானில் செய்யும் டொயோட்டாவுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அங்கே முதலில் செவர்லே நோவா வந்தது, 1989-வாக்கில் அதன் இடத்துக்கு ஜியோ பிரிஸம் வந்தது. அடியில் அது கொரொல்லாதான். மேல் தகடும் விளக்குகளும் மட்டும் வேறு, ஜப்பானில் விற்ற ஸ்ப்ரின்ட்டர் என்ற காரின் சாயல்.

இரண்டாவது வழிதான் சாட்டர்ன். ரோஜர் ஸ்மித் தலைவராக இருந்தபோது 1983-இல் அறிவித்து, 1985-இல் தனி நிறுவனமாகவே பதிவு செய்தார்கள். டென்னஸியில் நாஷ்வில்லுக்குத் தெற்கே ஸ்ப்ரிங் ஹில் என்ற சின்ன ஊரில் புது ஆலை, கட்டுக்கட்டான பழைய ஒப்பந்தங்களுக்குப் பதிலாகச் சில பக்கங்களே உள்ள தொழிற்சங்க ஒப்பந்தம், முடிவெடுக்கும் மேசையில் தொழிலாளிகளுக்கும் நாற்காலி. முதல் கார் 1990 ஜூலை 30 அன்று ஆலையை விட்டு வெளியே வந்தது. இவ்வளவு பணத்தைக் கொட்டிப் புது ஆலை கட்டியதற்குப் பதிலாக நம்மியில் கற்றதையே மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். ஆனால் சாட்டர்ன் காரைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த ஆசையும் புரியும்.

சாட்டர்ன் முதலில் செய்த எஸ் வரிசைக் கார் ஒன்றைப் பார்க்கக் கிடைத்தால் கதவின் நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்திப் பாருங்கள். உள்ளே குழியும், விரலை எடுத்தால் பொளக்கென்று பழையபடி வந்துவிடும். கதவும் பக்கவாட்டுத் தகடுகளும் ஒருவகை பிளாஸ்டிக், பானெட்டும் கூரையும் டிக்கியும் மட்டும் இரும்பு. கடை வாசலில் தள்ளுவண்டி வந்து இடித்தாலும் நெளியாது, துருவும் பிடிக்காது. இதற்குக் கொடுத்த விலை என்னவென்றால், பிளாஸ்டிக் வெயிலில் விரியும், அதற்கு இடம் விடவேண்டும், அதனால் கதவுக்கும் பக்கத்துத் தகடுக்கும் நடுவில் இடைவெளி அகலமாகத் தெரியும். கொரொல்லாவின் நெருக்கமான கோடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சரியாகச் செய்யாத கார் போலத் தோன்றும். இன்றைக்கு வடக்கு மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு போடும் ஊர்களில், அதே வயது சிவிக்கின் பின்சக்கர வளைவு அரித்துப் போயிருக்க, சாட்டர்ன் கதவு பளிச்சென்று இருப்பதைப் பார்க்கலாம். அடியில் இருக்கும் இரும்புச் சட்டமும் பிரேக் குழாயும் எல்லாக் கார்களையும் போலத் துருப்பிடிக்கும், அதையும் குனிந்து பார்த்துவிட வேண்டும்.

வாங்கும் அனுபவத்தில் சாட்டர்ன் பக்கத்தில் யாரும் நிற்க முடியவில்லை. அமெரிக்காவில் கார் வாங்குவது என்றால் பேரம் பேசியே அரைநாள் போகும், வாங்கி வந்த பிறகும் ஏமாந்துவிட்டோமோ என்ற எண்ணம் அரித்துக்கொண்டே இருக்கும். சாட்டர்ன் கடையில் ஒட்டியிருக்கும் விலைதான் விலை. 1991 மாடலின் அடிப்படை வண்டி 7,995 டாலர், வாங்க வருபவர் பேராசிரியரானாலும் பேரம் பேசத் துணைக்கு யாரும் இல்லாத கல்லூரி மாணவியானாலும் அதே விலை. சாவி கொடுக்கும்போது கடை ஊழியர்கள் எல்லோரும் வந்து சுற்றி நின்று கைதட்டுவார்கள், காரோடு ஒரு புகைப்படமும் எடுத்துத் தருவார்கள். முதல் ஆண்டிலேயே, தப்பாகக் கலந்த கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) சில கார்களின் எஞ்சினுக்குள் போய்விட்டது தெரிந்தபோது, ரிப்பேர் செய்து தருகிறோம் என்று சொல்லாமல் 1,836 கார்களுக்கும் பதிலாக முழுசாகப் புதுக் கார் கொடுத்தார்கள். 1994 கோடையில் எங்கள் ஆலையைப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டதும் 40,000-க்கும் மேற்பட்டவர்கள் பிள்ளைகுட்டிகளோடு ஸ்ப்ரிங் ஹில்லுக்குக் கிளம்பி வந்தார்கள். ஒரு சாதாரண சின்ன காரின் உரிமையாளர்கள், தங்கள் காரைச் செய்த கைகளைப் பார்க்க விடுமுறையை ஒதுக்கினார்கள்! அந்த ஆண்டுதான் விற்பனையும் உச்சம், சுமார் 2,86,000 கார்கள்.

ஜியோவுக்கு இப்படி எதுவும் அமையவில்லை. தனி ஷோரூம் கிடையாது, செவர்லே கடையில் ஒரு ஓரம், வழக்கமான பேரம், முடிந்தது. அப்புறம் ஜியோ என்ற பெயருக்குக் கீழே வந்தவை ஒரு குடும்பமே இல்லை. பிரிஸம் டொயோட்டா, ஸ்டார்ம் இசுஸு, மெட்ரோவும் டிராக்கரும் சுஸுகி. நம் ஊர்க்காரர்களுக்கு மெட்ரோ புதுசில்லை. அது சுஸுகி கல்டஸ், அந்தக் கல்டஸின் செடான் வடிவத்தைத்தான் மாருதி 1000 என்றும் பிறகு எஸ்டீம் என்றும் இந்தியாவில் ஓட்டினோம். மெட்ரோவில் மூன்று சிலிண்டர் எஞ்சின். அதன் எக்ஸ்எஃப்ஐ வகைக்கு அப்போதைய அரசு அளவீட்டில் நெடுஞ்சாலையில் கேலனுக்கு 58 மைல் கிடைத்தது, நம் கணக்கில் லிட்டருக்கு 24 கிலோமீட்டருக்கும் மேல். பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் இதைத் தேடி ஒரு கூட்டம் கிளம்பும். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அவ்வளவு லேசான வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக எனக்கு மனம் வராது, அதனால் இதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

சரி, வாங்கி லட்சம் மைல் ஓட்டிய பிறகு எப்படி? இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. எஸ் வரிசை சாட்டர்னின் 1.9 லிட்டர் எஞ்சின் எண்ணெய் குடிக்கும், பழைய உரிமையாளர்கள் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். பிஸ்டனில் எண்ணெய் வழிந்து திரும்பப் போதுமான வழி இல்லை, அதனால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் கரி பிடித்து இறுகிவிடும், எண்ணெய் மேலேறி எரிந்துவிடும். புகை பெரிதாகத் தெரியாது என்பதால் பலர் கவனிக்கவே மாட்டார்கள். பெட்ரோல் போடும்போதெல்லாம் எண்ணெய் அளவு காட்டும் குச்சியை, அதாவது டிப்ஸ்டிக்கை, இழுத்துப் பார்த்து ஊற்றிக்கொண்டவர்கள் இரண்டு லட்சம் மைலைத் தாண்டினார்கள், பார்க்காதவர்கள் டைமிங் செயினையும் பிறகு எஞ்சினையும் இழந்தார்கள். இதைத் தவிர மேல்பக்க எஞ்சின் மவுன்ட் தேய்ந்து வண்டி நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குவது, ஆட்டோமேட்டிக்கில் ரிவர்ஸ் போட்டால் டமாலென்று அடிப்பது, கூலன்ட் சென்சாரின் பிளாஸ்டிக் முனை விரிசல் விட்டு எஞ்சினுக்குத் தப்பான வெப்பநிலையைச் சொல்வது என்று எல்லாருக்கும் தெரிந்த சில வியாதிகள் உண்டு. சென்சார் மலிவு, பித்தளை முனை வைத்தது வாங்கிப் போட்டால் போதும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு வெளியிலிருந்தே கழற்றி மாட்டுகிற ஃபில்டர் வைத்திருந்தார்கள், எஞ்சின் ஆயில் ஃபில்டர் மாதிரியே. வீட்டு வாசலில் தானே வேலை பார்க்கிறவர்களை நினைத்துச் செய்தது போல இருக்கும், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

பிரிஸம்காரர்களிடம் பேசினால் சொல்வதற்கு அவ்வளவு கதை இருக்காது. எண்ணெய் மாற்றினேன், 60,000 மைலுக்கு ஒருமுறை டைமிங் பெல்ட் மாற்றினேன், ஓடியது, அவ்வளவுதான். குறிப்பாக 1993-இலிருந்து 1997 வரையான வண்டியில் கிடைக்கும் 1.8 லிட்டர் எஞ்சின் கொரொல்லாவில் இருந்த அதே எஞ்சின், அசராமல் உழைக்கும். பானெட்டைத் திறந்தால் பாகங்களில் டொயோட்டாவுக்குப் பாகம் செய்து தரும் டென்சோவின் பெயர் அச்சிட்டிருக்கும், ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் செய்தவர் பெயர் நியூ யுனைடெட் மோட்டார் என்று இருக்கும், வெளியே மட்டும்தான் ஜியோ. ஒரே ஆலையில், அதே கைகள் செய்தும், கொரொல்லா பெயர்ப்பலகை இருந்த கார் அதிகம் விற்றது, பழைய விலையிலும் நின்றது, பிரிஸம் விலை வேகமாக இறங்கியது. புதிதாக வாங்கியவருக்கு அது நஷ்டம், இன்றைக்குப் பழசு வாங்குகிறவருக்கு அது லாபம்.

ஒரு எச்சரிக்கை. 1997-உடன் ஜியோ என்ற பெயரை எடுத்துவிட்டு 1998 முதல் செவர்லே பிரிஸம் என்றார்கள், எஞ்சினும் மாறியது, பெல்ட்டுக்குப் பதில் செயின் வந்தது. அந்தப் புது டொயோட்டா எஞ்சினின் ஆரம்ப ஆண்டுகளில் எண்ணெய் எரிகிற புகார் நிறைய, காரணமும் சாட்டர்னுக்குச் சொன்ன அதே காரணம்தான், பிஸ்டனில் எண்ணெய் திரும்பும் துளைகள் போதாது. அதே வயது கொரொல்லாவுக்கும் இது பொருந்தும், டொயோட்டா என்ற பெயரைப் பார்த்தே டிப்ஸ்டிக்கைத் தொடாமல் பணத்தை நீட்டிவிடக் கூடாது.

பிரிஸம் 2002-இல் சத்தமில்லாமல் முடிந்தது. சாட்டர்ன் முடிந்த விதம்தான் வலிக்கிறது. நன்றாக விற்ற காலத்தில் அடுத்த மாடலுக்குப் பணம் கொடுக்கவில்லை, எஸ் வரிசை அடிப்படையில் மாறாமலே 2002 வரை ஓடியது, குடும்பம் பெரிதாகி பெரிய கார் தேடியவர்களுக்குக் காட்ட 2000 மாடல் ஆண்டு வரை கடையில் ஒன்றும் இல்லை. பிறகு வந்த எல் வரிசை ஐரோப்பாவின் ஓப்பல் வெக்ட்ராவிலிருந்து எடுத்தது, டெலவேரில் செய்தது. எஸ் வரிசைக்குப் பதிலாக 2003-இல் வந்த அயான் என்ற காரின் உட்புறம் மலிவாக இருந்தது, அதன் கூப்பேயிலும் சாட்டர்னின் வ்யூ என்ற எஸ்யூவியிலும் போட்ட சிவிடி (படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் அடிக்கடி பழுதாகி வாரன்டியை நீட்டிக்க வேண்டியதாயிற்று. ஓடும்போதே எஞ்சின் அணைந்துவிடும் குறைக்காக 2014-இல் உலகமே பேசிய இக்னிஷன் சுவிட்ச் திரும்பப்பெறுதலில் அயானும் இருந்தது. தொழிலாளிகளும் 2003-இல் வாக்களித்துத் தனி ஒப்பந்தத்தை விட்டுப் பொது ஒப்பந்தத்துக்கே திரும்பினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் திவாலான 2009-இல், கார் விற்பனைக் கடைகள் நடத்தும் பென்ஸ்கி குழுமம் சாட்டர்னை வாங்கப் பேசியது, கார் செய்து தர இன்னொரு நிறுவனம் தேவைப்பட்டது, பிரெஞ்சுக் கார் கம்பெனியான ரெனோவின் நிர்வாகக் குழு மறுத்ததும் செப்டம்பர் 30 அன்று பேச்சு முறிந்தது. அத்தோடு சரி.

இன்றைக்கு வாங்குவதானால்? தினம் வேலைக்குப் போக ஒரே ஒரு வண்டி வேண்டும், கையில் ஸ்பானர் பிடிக்கத் தெரியாது என்றால் யோசிக்காமல் 1993 முதல் 1997 வரையான ஜியோ பிரிஸம். எஞ்சின் பாகம் எதுவானாலும் கொரொல்லாவுக்கு என்று கேட்டால் எந்தக் கடையிலும் கொடுப்பார்கள். சாட்டர்னுக்குத் தேய்மானப் பாகங்கள் கிடைக்கும், ஆனால் பிளாஸ்டிக் தகடும் உட்புறத் துண்டுகளும் காயலான் கடையில்தான். அயானை விட்டுவிடுங்கள். சொந்தமாக வேலை பார்க்கத் தெரிந்தவர், கார் மேல் பிரியம் வைக்கிறவர் என்றால் மேனுவல் கியர் போட்ட எஸ் வரிசைச் செடானான எஸ்எல்2, 124 குதிரைத்திறன் இரட்டை கேம் எஞ்சின், அந்தச் சின்ன உடம்புக்கு அது தாராளம். பார்க்கப் போகும்போது எஞ்சினை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினில் டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு இழுத்துப் பாருங்கள். நுனியில் எண்ணெயே ஒட்டவில்லை என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். மேல் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்து, விற்பவரின் டிக்கியில் பாதி காலியான எண்ணெய் டப்பா ஒன்றும் இருந்தால், வண்டியைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தவர் என்று அர்த்தம், அவரிடம் வாங்குங்கள்.