வீட்டு நாஸில் ஓடும் ஆப்புக்கு எந்த வாசல்?

வீட்டு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) ஒரு வெப் ஆப்பை ஓட வைப்பது இப்போது பெரிய வித்தை இல்லை. ஆப்பைக் கன்டெய்னர் என்ற தனிப் பொதியாக ஓட்ட, சினாலஜி பெட்டியில் கன்டெய்னர் மேனேஜர், கியூநாப் பெட்டியில் கன்டெய்னர் ஸ்டேஷன். என் பெட்டியில் ஓடுவது போட்டோக்களுக்கான இம்மிச் ஆப். வீட்டு வைஃபையில் பிரவுசரில் 2283 போர்ட்டை (ஆப்பின் கதவு எண்) திறந்தால் படங்கள் வந்து நிற்கும். தலைவலி வாசலைத் தாண்டியதும்தான்: வெளியிலிருந்து அதை எப்படிப் பார்ப்பது?

பழைய வழி போர்ட் ஃபார்வர்டிங். ரௌட்டரில் 443ஐத் திறந்து நாஸுக்குத் திருப்ப வேண்டும்; அங்குள்ள ரிவர்ஸ் ப்ராக்ஸி (வரும் கோரிக்கையை உரிய ஆப்புக்குத் திருப்பும் மென்பொருள்) 2283க்கு அனுப்பிவிடும். நடுவில் ஆள் இல்லை, அப்லோடு வரம்பும் இல்லை. ஆனால் முதலில் ரௌட்டரில் காட்டும் வான் ஐபியை (இணைய நிறுவனம் ரௌட்டருக்குத் தரும் முகவரி) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள்: ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கு போடுகின்றன, எந்த போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. காசு கொடுத்து ஸ்டேட்டிக் ஐபி, அதாவது உங்களுக்கே உரிய மாறாத பொது முகவரி, வாங்கலாம். வாங்கிய பிறகு பயம் வேறு. 2022 ஜனவரியில் டெட்போல்ட் ரான்சம்வேர், இணையத்துக்கு நேராகத் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளில் புகுந்து கோப்புகளைப் பூட்டி, 0.03 பிட்காயின் கேட்டது. ஆப்பைத் திறந்தாலும், நாஸின் நிர்வாகப் பக்கத்தை ஒருபோதும் வெளியே விடாதீர்கள்.

கிளவுட்ஃப்ளேர் டனல் இதைத் தலைகீழாகச் செய்கிறது. நாஸில் ஓடும் ஒரு சின்ன கன்டெய்னர் தானே வெளியே போய் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். ரௌட்டரில் கை வைக்க வேண்டாம், சிஜிநாட்டும் தடையில்லை. சொந்தமாக ஒரு டொமைன் இருந்தால் போதும், டனலுக்குக் காசு இல்லை. எனக்கு இதில் இரண்டு உறுத்தல். உங்கள் என்கிரிப்ஷன் அவர்கள் சர்வரில் ஒருமுறை பிரிக்கப்பட்டுத்தான் மறுபடி கட்டப்படுகிறது. குடும்பப் போட்டோவுக்கு இது சரியா என்று நீங்களே யோசியுங்கள். இன்னொன்று, இலவசத் திட்டத்தில் ஒரு அப்லோடு 100 எம்பியைத் தாண்டக் கூடாது. போனில் எடுத்த 4கே வீடியோ ஒரு நிமிடத்திலேயே அதைத் தாண்டிவிடும். போட்டோ எல்லாம் ஏறிவிடும், வீடியோ மட்டும் நின்றுவிடும். காரணம் தெரியாமல் இம்மிச்சைத் திட்டிக்கொண்டிருப்போம்.

மூன்றாவது வழி டெயில்ஸ்கேல், வயர்கார்டு என்ற விபிஎன் முறையின் மேல் ஓடுவது. போனையும் நாஸையும் முடிந்தவரை நேரடியாகக் கோர்த்துவிடும். முடியாதபோது ரிலே என்ற இடை சர்வர் வழியாகப் போகும், அப்போது வேகம் குறையும். (இதுவும் அதே 100.64 வரிசையில்தான் முகவரி கொடுக்கிறது, குழம்ப வேண்டாம்.) வெளி உலகுக்கு எந்தக் கதவும் தெரியாது. தொல்லை என்னவென்றால், ஒவ்வொரு போனிலும் ஆப் போட்டு லாகின் செய்ய வேண்டும். ஆபீஸ் விபிஎன்னைப் போட்டால் இது அணைந்துவிடும், போனில் ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

எங்கள் வீட்டு நாலு போனுக்கும் டெயில்ஸ்கேல்தான். அத்தைக்குக் கல்யாண ஆல்பம் அனுப்ப மட்டும் ஒரு டனல். அதுவும் முழு இம்மிச்சுக்கு இல்லை, பகிர்ந்த லிங்க்கை மட்டும் காட்டும் இம்மிச் பப்ளிக் ப்ராக்ஸிக்கு. அத்தை படம் பார்க்கத்தானே போகிறார், 100 எம்பி கணக்கு அவருக்கு எதற்கு?