சுசன்னாவா, கவுண்டஸா?
சோப்ரானோ (பெண்களின் உச்சக்குரல்) என்றதுமே பாடகிகள் கவுண்டஸ் வேடத்துக்கு ஆசைப்படுகிறார்கள். மோட்சார்ட்டின் 'ஃபிகரோவின் திருமணம்' (1786) ஓபராவில் (இசை நாடகம்) பணிப்பெண் சுசன்னா, பிரபுவின் மனைவி கவுண்டஸ் இரண்டும் வேறு வேறு குரல்கள்.

குரல்: சுசன்னா சூப்ரெட் (துடுக்கான பணிப்பெண்) வேடம், லேசான, பளிச்சென்ற குரல் போதும், சொல் தெளிவாக விழவேண்டும். கவுண்டஸுக்குக் கனமும் நீண்ட மூச்சும் வேண்டும்.

உழைப்பு: சுசன்னா நான்கு அங்கங்களிலும் ஓடியாட வேண்டும். கவுண்டஸ் இரண்டாம் அங்கத்தில்தான் முதன்முதலாக வருகிறாள். ஆனால் வந்ததுமே 'போர்ஜி அமோர்' என்ற ஆரியாவை (தனிப்பாடல்) பாட வேண்டும்!

சறுக்கும் இடம்: சுசன்னாவின் கடைசி ஆரியா நடு சி-க்குக் (பியானோவின் நடுவிலுள்ள சி ஸ்வரம்) கீழே ஏ ஸ்வரம் வரை இறங்குகிறது. அங்கே நெஞ்சுக்குரலை அமுக்கினால் அடுத்த வரி மேலே எழும்பாது. பேசுவதுபோல் மெல்ல விடுங்கள்.

துறுதுறுவென நடிப்பவருக்கு சுசன்னா. நிதானமாக இழுத்துப் பாடுபவருக்கு கவுண்டஸ். சுசன்னாவின் நீளம் மலைக்க வைத்தால், முதலில் மோட்சார்ட்டின் இன்னொரு ஓபராவான 'கோசி ஃபான் டுட்டே'யின் டெஸ்பினா வேடம்: இரண்டே ஆரியா.