பானட் இல்லாத காரில் 454: ஆறு வருஷத்தில் நின்றதும் ஒழுகியதும்

1932 ஃபோர்டு ரோட்ஸ்டரை ஹாட் ராடாக, அதாவது பெரிய இன்ஜின் ஏற்றிய பழைய காராக, மாற்றுகிறவர்களில் பலர் பானட்டையும் பக்கத் தகடுகளையும் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் காருக்கு முகம் இன்ஜின்தான். அதனால் க்ரோம் கவர், க்ரோம் புல்லி, பாலிஷ் அலுமினியம் என்று பட்டியல் நீளும். கடைப் படத்தில் எல்லாமே ஜொலிக்கும். 14,000 மைல் ஓடிய பிறகு எது எப்படி இருக்கும் என்பதுதான் இந்தப் பகிர்வு.

இன்ஜின் 1973 ஷெவர்லே பிக்கப் ஒன்றிலிருந்து இறக்கிய 454 கன அங்குல V8. 1965-ல் 396 கன அங்குலத்தில் தொடங்கிய மார்க் 4 என்ற பெரிய V8 குடும்பத்தில் 1970-ல் வந்து சேர்ந்தது. போர் (சிலிண்டர் விட்டம்) 4.251 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 4 அங்குலம், முழு இரும்பில் எடை சுமார் 310 கிலோ. உள்வேலை எல்லாம் வழக்கமான ஓவர்ஹால்தான், அதில் சொல்ல எதுவும் இல்லை. வெளியே மாட்டிய சாமான்களில் தொல்லை கொடுத்தவற்றுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே நோய்: கேஸ்கெட் உட்காரும் முகத்திலும், எர்த் கடக்க வேண்டிய இடத்திலும் க்ரோமோ பவுடர் கோட்டோ ஏறியிருந்தது.

பெயின்ட்டை முதலில் முடித்துவிடலாம். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் ஷெவர்லே ஆரஞ்சு. ஸ்ப்ரே டப்பாவில் அடித்தால் மூன்று டப்பா போதும், ஆனால் கார்புரேட்டரிலிருந்து சொட்டும் பெட்ரோல் அதைக் கரைத்துவிடும். எபாக்ஸி பிரைமர் மேல் சிங்கிள் ஸ்டேஜ் யுரேத்தேன் அடித்தது ஆறு வருஷமாக உரியவில்லை. ஒரு லிட்டர் வாங்கினால் பிளாக், ஹெட், ஆயில் சம்ப் எல்லாம் முடித்து மிச்சமும் இருக்கும். பெயின்ட் உரிவது பெரும்பாலும் கழுவலில் நடந்த கோளாறு. டிகிரீசர் போட்டு மூன்று முறை, பிறகு வெந்நீர், காய்ந்ததும் தின்னர் நனைத்த வெள்ளைத் துணி. துணி அழுக்கில்லாமல் வரும்வரை பிரைமரைத் தொடக் கூடாது. ஹெட்டில் எக்ஸாஸ்ட் போர்ட்டைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு எந்தப் பெயின்ட்டும் நிற்காது. அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இன்டேக் மேனிஃபோல்டு நடுவில் பெயின்ட் கருகினால் குறை பெயின்ட்டில் இல்லை. ஒரு ஹெட்டிலிருந்து மறு ஹெட்டுக்கு எக்ஸாஸ்ட் சூடு போகும் பாதை கார்புரேட்டருக்கு அடியில் ஓடுகிறது. இன்டேக் கேஸ்கெட்டோடு வரும் மெல்லிய ஸ்டீல் தகட்டால் அதை அடைத்துவிட்டால் கருகுவது நின்றுவிடும். பதிலுக்குக் குளிர் காலையில் இன்ஜின் சூடாக இன்னும் சில நிமிடம் பிடிக்கும். வெயில் நாளில் மட்டும் வெளியே வரும் காருக்கு இது பெரிய நஷ்டமில்லை.

இனி வால்வு கவர். அதிகம் கெட்ட பெயர் வாங்கியது இதுதான். முதலில் மாட்டியது தகட்டில் அழுத்திச் செய்த க்ரோம் கவர். நான்கே மாதத்தில் கீழ் விளிம்பிலிருந்து எண்ணெய் கசிந்து ஹெடர் என்னும் எக்ஸாஸ்ட் குழாயில் சொட்டத் தொடங்கியது. சிக்னலில் நின்றால் புகை, வீட்டுக்கு வந்தால் நாற்றம். மார்க் 4-ல் ஒரு கவருக்கு 7 போல்ட்டு, கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. தகடு மெலிசாக இருப்பதால் போல்ட்டை இறுக்க இறுக்க ஓட்டையைச் சுற்றிப் பள்ளம் விழுகிறது, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் விளிம்பு மேலே வளைகிறது. கசிகிறதே என்று இன்னும் இறுக்கினால் இன்னும் வளையும். கவரைக் கவிழ்த்து, விளிம்புக்கு அடியில் கட்டை கொடுத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் பள்ளத்தைத் தட்டிச் சமப்படுத்தி, போல்ட்டுக்கு அடியில் நீளத் தகடு வாஷர் போட்டால் ஓரளவு பிடிக்கும். 50 அங்குல-பவுண்டுக்கு மேல் போகவே கூடாது.

இரண்டாம் வருஷம் அதைத் தூக்கிவிட்டு, வரி வரியாக மேடு வைத்த வார்ப்பு அலுமினியக் கவர் ஏறியது. விளிம்பே கால் அங்குலத்துக்கு மேல் தடிமன், வளைய வழியே இல்லை. கார்க் கேஸ்கெட்டையும் அதோடு விட்டாயிற்று. ஸ்டீல் தகட்டின் இரு பக்கமும் ரப்பர் பூசி, போல்ட் ஓட்டையில் குட்டிக் குழல் வைத்த கேஸ்கெட் ஃபெல்-ப்ரோ கம்பெனியிடம் கிடைக்கிறது. அந்தக் குழல் இருப்பதால் எவ்வளவு இறுக்கினாலும் ரப்பர் நசுங்காது. கவர் பக்கம் மட்டும் லேசாகப் பசை, ஹெட் பக்கம் காய்ந்தபடியே. டியூனிங்குக்காகக் கழற்றும்போது கேஸ்கெட் கவரோடு வந்துவிடும், திரும்ப அதையே மாட்டலாம். நான்கு வருஷமாக ஒரே ஜோடிதான்.

அதிலும் ஒரு பொறி உண்டு. அழகுக்காகப் போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் போட்டு, மேலே குமிழ் நட்டு வைப்பார்கள். ஸ்டட் தேவைக்கு மேல் கால் அங்குலம் நீளமாக இருந்தால் போதும், அதன் நுனி குமிழின் உள்ளே முட்டி நின்றுவிடும். ஸ்பேனருக்கு முழுசாக இறுகியது போலத் தெரியும், கவரோ அழுந்தியே இருக்காது. நட்டை இறுக்கிய பிறகு வாஷரைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் ஸ்டட்டை அறுக்க வேண்டும்.

கவர் வாங்கும்போது உள்ளே பார்க்கிறவர்கள் குறைவு. கிராங்க்கேஸ் காற்றை இன்டேக்குக்கு இழுக்கும் பி.சி.வி. வால்வு ஓட்டைக்கு அடியில் ஒரு தடுப்புத் தகடு இருக்க வேண்டும். அழகுக் கவர் பலவற்றில் அது இல்லை. ராக்கர் தெறிக்கும் எண்ணெயை வேக்குவம் நேரே உறிஞ்சிக் கார்புரேட்டருக்கு அனுப்பும், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பின்னால் நீலப் புகை வரும். ரிங் போய்விட்டது என்று பயந்து இன்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு. ஓட்டையே இல்லாத வழுவழு கவர் இன்னும் மோசம். காற்றுப்போக்கு இல்லாமல் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி, கிராங்க்கின் பின்பக்க எண்ணெய் சீலையும் இன்டேக் மேனிஃபோல்டு முனைகளையும் தள்ளிக்கொண்டு எண்ணெய் வெளியே வரும். அந்த முனைகளுக்கு கேஸ்கெட் பெட்டியில் வரும் ரப்பர் பட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு, கால் அங்குல உயரத்துக்கு ஆர்.டி.வி. சிலிக்கோன் வரி இழுத்து மேனிஃபோல்டை இறக்குவதுதான் நிற்கிறது. இரும்பை முதலில் தின்னரில் துடைக்காவிட்டால் அதுவும் நிற்காது.

தெர்மோஸ்டாட் கழுத்துக்கு வருவோம். க்ரோம் போட்ட கழுத்து ஒழுகும் என்று எல்லோருக்கும் தெரியும், ஏன் என்று பார்க்கிறவர்கள் குறைவு. கால் அங்குலக் கண்ணாடித் துண்டின் மேல் 220 உப்புத்தாளை ஒட்டுங்கள். கழுத்தின் அடிமுகத்தில் மார்க்கர் மையைப் பூசி, தாளின் மேல் வட்டமாக நாலு இழுப்பு இழுத்துத் திருப்பிப் பாருங்கள். இந்தக் கழுத்தில் இரண்டு போல்ட்டுக் காது ஓரமும் மை அழிந்து பளிச்சென்றது, நடுவில் தண்ணீர் வட்டத்தைச் சுற்றி மை அப்படியே கறுப்பாக நின்றது. அதாவது காது இரண்டும் உட்கார்ந்திருக்கிறது, நடு முகம் தூக்கிக்கொண்டிருக்கிறது. மை முழுக்கப் போகும்வரை தேய்க்க இருபது நிமிடம் ஆனது, க்ரோம் கெட்டியானது. அடியில் வெறும் உலோகம் தெரிந்த பிறகு காகித கேஸ்கெட், இரு முகத்திலும் சன்னமாக சிலிக்கோன், 20 அடி-பவுண்டு. அன்றோடு ஒழுகல் நின்றது. ரேடியேட்டர் ஹோஸுக்கு மேல் போடும் சுருள் க்ரோம் குழாயைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்: வேண்டாம். முனை ரப்பர் சரியாகக் கவ்வாது. சாதாரணக் கறுப்பு ஹோஸ், நல்ல கிளிப்.

புல்லியிலும், கிராங்க் முனையில் அதிர்வை அடக்கும் டேம்பரிலும் அளவு தெரியாமல் வாங்கிப் பணம் இழந்தவர்கள் நிறைய. ஷெவர்லே கார்களில் 1968 வரை குட்டை வாட்டர் பம்ப், 1969 முதல் பெரும்பாலும் நீள பம்ப். வித்தியாசம் சுமார் ஒன்றரை அங்குலம். 1932 ஃபோர்டில் இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இடமே கிடையாது என்பதால் குட்டை பம்ப்தான் போகும், அப்போது கிராங்க் புல்லி, ஆல்டர்னேட்டர் பிராக்கெட் எல்லாம் குட்டை பம்ப் வரிசையிலேயே வாங்க வேண்டும். ஒன்று கலந்தால் பெல்ட் கோணலாக ஓடித் தெறித்துவிடும். நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள், அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக்கு மேல் விலகக் கூடாது. க்ரோம் புல்லியின் பள்ளத்தில் பெல்ட் வழுக்கிக் கீச்சிடும். பள்ளத்தை மட்டும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினால் சத்தம் அடங்கும்.

டேம்பர் அதைவிட முக்கியம். 396, 402, 427 எல்லாம் உள்ளேயே சமன் செய்தவை. 454-க்கு டேம்பரிலும் ஃப்ளைவீலிலும் எதிர்எடை உண்டு. பளபளக்கிறது என்று 427-க்கான டேம்பரை மாட்டினால் கண்ணாடி அதிரும், கடைசியில் பேரிங் போகும். க்ரோம் டைமிங் கவரோடு வரும், டைமிங் டிகிரி காட்டும் முள்ளையும் நம்ப முடியாது. முதல் சிலிண்டரில் பிஸ்டனை உச்சிக்கு முன்னால் நிறுத்தும் பிஸ்டன் ஸ்டாப் வைத்து இரு பக்கமும் சுற்றிக் குறி போட்டு, நடுப்புள்ளியை எடுத்து, முள்ளை அதற்கு வளைக்க வேண்டும். இதில் முள் ஆறு டிகிரி பொய் சொன்னது.

பிளக் ஒயரைக் க்ரோம் தாங்கியில் அழகாக, ஒட்ட ஒட்ட, இணையாகக் கட்டுவது புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். ஷெவர்லேயில் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. 5-ம் 7-ம் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த சிலிண்டர்கள், வெடிப்பதும் அடுத்தடுத்து. இரண்டு ஒயரும் நெருங்கி ஓடினால் 5-ன் பொறி 7-லும் தூண்டப்பட்டு அங்கே 90 டிகிரி முன்னாலேயே வெடிக்கும். ஏற்றத்தில் தட்டல் சத்தம், நாளடைவில் பிஸ்டன் சேதம். 5-ஐயும் 7-ஐயும் ஒரு அங்குலமாவது பிரித்து, முடிந்தால் குறுக்காகக் கடக்க விடுங்கள். தாங்கி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பெரிய மூடி ஹெச்.இ.ஐ. (எலக்ட்ரானிக் இக்னிஷன்) டிஸ்ட்ரிபியூட்டர் போட்டால் சாவியிலிருந்து முழு 12 வோல்ட் நேராக வர வேண்டும், பழைய ரெசிஸ்டர் ஒயரில் போட்டால் அதிவேகத்தில் திணறும்.

ஹெடருக்கு செராமிக் கோட்டிங் நல்ல முடிவு, ஆறு வருஷம் கழித்தும் ஈரத்துணி பட்டால் வெள்ளிதான். ஆனால் புது கேம் ஷாஃப்ட்டைப் பழக்கும் 20 நிமிடத்துக்கு அதை மாட்டாதீர்கள். 2,000 முதல் 2,500 சுற்றில் டைமிங் பின்தங்கியோ கலவை மெலிந்தோ ஓடினால் குழாய் செவக்கும், கோட்டிங் அன்றே சாம்பல் நிறமாகும். அந்த வேலைக்குப் பழைய இரும்பு மேனிஃபோல்டே போதும். க்ரோம் ஹெடர் எப்படி இருந்தாலும் போர்ட் அருகே நீலமாகும்.

ஏர் கிளீனரில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 454 கன அங்குலம், 5,000 சுற்று: நிமிடத்துக்கு சுமார் 650 கன அடி காற்று. உள்ளங்கை அளவு முக்கோணக் க்ரோம் வடிகட்டியால் அது முடியாது. 14 அங்குல வட்டம், 3 அங்குல உயரம் போதும். பானட் இல்லாததால் உயரத்துக்குத் தடையுமில்லை. அடித்தட்டு தாழ்ந்த வகையாக இருந்தால், ஸ்டார்ட் செய்யும் முன் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி லிங்கேஜ் எங்கும் தட்டுகிறதா என்று பாருங்கள். தட்டினால் முழுத் திறப்பில் மாட்டிக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து. கண்ணாடிக் குழல் பெட்ரோல் ஃபில்டரும் அப்படித்தான். சூடான இன்ஜின் மேல் அதை வைக்காதீர்கள்.

எர்த். பவுடர் கோட் போட்ட பிராக்கெட், பெயின்ட் அடித்த பிளாக், ரப்பர் மவுன்ட்: மூன்றும் சேர்ந்தால் கரன்ட்டுக்குத் திரும்பி வர வழியே இல்லை. ஸ்டார்ட்டர் இழுக்கும் கரன்ட் கிடைத்த வழியில், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகக்கூடப் போகும், கேபிள் உறை உருகும். பேட்டரி நெகட்டிவிலிருந்து தடித்த ஒயர் நேரே பிளாக்குக்கு, பிளாக்கிலிருந்து பட்டை ஒயர் சேஸிஸுக்கு. இரண்டு முனையிலும் பெயின்ட்டைச் சுரண்டி, நட்சத்திர வாஷர். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மீட்டர் வைத்தால் 0.3 வோல்ட்டுக்குக் கீழே காட்ட வேண்டும். ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டில் போல்ட்டு அமரும் இடத்துப் பவுடரையும் சுரண்டுங்கள். எர்த்துக்காக மட்டுமல்ல, பவுடர் நசுங்கி போல்ட்டு தளர்ந்துவிடும்.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டு துருப்பிடிக்காது, ஆனால் அலுமினியத்தில் ஆன்டி-சீஸ் பசை தடவாமல் போட்டால் ஒரு வருஷத்தில் மரையோடு பிடித்துக்கொள்ளும். இன்ஜின் மவுன்ட்டுக்கு அதைப் போடவே வேண்டாம், பலம் போதாது.

பராமரிப்பில் அதிக நேரம் தின்பது பாலிஷ் அலுமினியம். மழைத்துளி பட்டு இரண்டு வாரம் விட்டால் வெள்ளை பூக்கும். மாதம் ஒருமுறை மதர்ஸ் பிராண்டு மாதிரி மெட்டல் பாலிஷ், கவரின் மேட்டு வரிகளுக்குள் பழைய டூத் பிரஷ், மொத்தம் ஒன்றரை மணி நேரம். க்ளியர் கோட் அடித்தால் தப்பிக்கலாம் என்று இன்டேக்கில் அடித்தது ஒரே கோடையில் மஞ்சளாகி, அதை உரிக்க மூன்று நாள் ஆனது. ஆசிட் கலந்த வீல் கிளீனர் பக்கமே போக வேண்டாம்.

இன்னும் தீராதது ஒன்றுதான், க்ரோம் டைமிங் கவர். அடிப்பக்கம், சம்போடு சேரும் மூலையில், ஈரம். க்ரோம் மேல் சிலிக்கோன் பிடிப்பதில்லை, மாட்டும்போது அந்த முகத்தை யாரும் சொரசொரப்பாக்கவில்லை. மார்க் 4-ல் அதைக் கழற்ற டேம்பரை இழுத்து சம்பையும் தளர்த்த வேண்டும். 500 மைலுக்கு நாலைந்து சொட்டு. அடுத்த முறை இன்ஜின் வெளியே வரும்போது வார்ப்பு அலுமினியக் கவர் ஏறும், அதுவரை காருக்கு அடியில் ஒரு அட்டைத் துண்டு.