"உப்புக் காத்து சார்" என்று கை விரித்தால் நம்பாதீர்கள்

ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் போகும் பக்கம் ஒரு தரைத்தள வீடு. கடல் சில கிலோமீட்டர் தள்ளி. குடிபோன ஐந்தாம் வருஷம் போர்ட்டிகோ கூரையின் அடிக்காரை பாளமாக விழுந்தது. கட்டிக்கொடுத்த காண்ட்ராக்டர் சொன்னது இவ்வளவுதான்: "கடக்கரை ஊரு, உப்புக் காத்து. இங்க எல்லா வீடும் இப்படித்தான் சார்."

பாதி உண்மை, அதனால்தான் எடுபடுகிறது. ஆனால் 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் கடலுக்குள்ளேயே நின்று 2022 டிசம்பர் வரை ரயிலைத் தாங்கியது. வீட்டுக் கூரை ஐந்தே வருஷத்தில் உதிர்வதற்குக் காற்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

காரை விழுந்த இடத்தில் கம்பிக்குக் கீழே இருந்த கான்கிரீட்டின் கனம் 10 மில்லிமீட்டர்கூட இல்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் சேர்த்து 45 மி.மீ. கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) எம்30 என்ற வலிமைத் தரக் கான்கிரீட்டும் கேட்கிறது. இங்கே கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கட்டையான கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கான்கிரீட் சட்டியோடு ஆள் நடந்ததும் ஜல்லி நழுவி, கம்பி சென்ட்ரிங் தகட்டில் படுத்துவிடும். அப்படி மூடாமல் கிடக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அதுதான் காரையைக் கீழே தள்ளுகிறது.

இன்னொரு தடயம் படுக்கையறையில். காற்று அவ்வளவாகப் படாத அந்த உள்கூரையிலும் கம்பி ஓடும் வரிசையிலேயே கோடு கோடாக வெடிப்பு. காற்றால் வந்த உப்பு என்றால் வெளிப்பக்கம் முதலில் அடிபட வேண்டும். உள்ளும் வெளியும் ஒன்றுபோல அரித்தால், உப்பு கலவையிலேயே போயிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அதாவது உவர்ப்பான போர்வெல் தண்ணீர், அல்லது கழுவாத உவர் மணல். டேங்கர் லாரிக் காசை மிச்சம் பிடிக்கும் வழி இது. குடிக்கவே குடம் விலைக்கு வாங்கும் ஊரில் கலவைக்கு நல்ல தண்ணீர் ஊற்றினார்களா என்று யாரும் கேட்பதில்லை.

கம்பி போடும் கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. கடலுப்பு கலந்த தண்ணீரில் டிடிஎஸ் மீட்டர் (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) 1,000 காட்டினாலே அந்த எல்லை வந்துவிடும், லேபுக்கு அனுப்புங்கள். கேன் தண்ணீரை வைத்து மணலைச் சோதிக்காதீர்கள், அதிலேயே குளோரைடு இருக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு கை மணலைக் குலுக்கித் தெளியவிட்டு, மேல்நீரில் சில்வர் நைட்ரேட் கரைசல் இரண்டு சொட்டு விடுங்கள். பால் போலத் திரண்டால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கும் க்யூரிங்குக்கும் உப்புத் தண்ணீர் வேண்டாம். பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் 14 நாள் ஈரமாக வைக்க வேண்டும்.

சதுரடி ரேட் மட்டும் எழுதிய ஒப்பந்தத்தில் இது எதையும் பிடித்துக் கேட்க முடியாது. கான்கிரீட் தரம், கவர், தண்ணீர் எங்கிருந்து என்று மூன்று வரி சேருங்கள். கூரைத் தவணையைக் கம்பி கட்டியதும் கொடுக்காமல், கவர் பிளாக்கை டேப் வைத்து அளந்த பிறகு கொடுங்கள். எம்30-ஐச் சட்டிக் கணக்கில் கலக்க முடியாது. எதை எவ்வளவு எடையில் கலப்பது என்று சொல்லும் மிக்ஸ் டிசைன் தாளைக் கேளுங்கள். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு மணலின் ஈரத்தையும் சேர்த்துத் தண்ணீர் சுமார் 22 லிட்டர்தான். கலவை கொளகொளவென்று ஓடினால் கொத்தனாருக்கு வேலை சுளுவு, கூரைக்குக் கேடு.

ஏற்கெனவே வெடித்த வீட்டில் "கெமிக்கல் அடிச்சுப் பூசிரலாம்" என்று ஒருவர் வருவார். துருவின் மேல் பூசிய பூச்சு சீக்கிரமே மறுபடி விழும். முதலில் முட்டுக் கொடுத்துவிட்டு, சுத்தியலால் தட்டிப் பார்த்து 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்கும் இடமெல்லாம் குறிக்க வேண்டும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு கொத்தி, கம்பி வெள்ளையாகத் தெரியும்வரை துருவைத் தேய்த்து, மெலிந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, ஜிங்க் பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த சாந்தால் அடைக்க வேண்டும்.