முகவரியிலிருந்து டொமைனை மட்டும் எடுக்க: ரெகெக்ஸோடு என் நீண்டகால அனுபவம்

புதுச்சேரியில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. சர்வர் லாக் எனப்படும் வருகைப் பதிவும், வாடிக்கையாளர்கள் அனுப்பும் லிங்க் பட்டியலும்தான் என் அன்றாடம். எந்தத் தளத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்ல, முதலில் ஒவ்வொரு இணைய முகவரியிலிருந்தும் டொமைனை, அதாவது தளத்தின் பெயரை, பிரித்தெடுக்க வேண்டும். பல வருஷமாக இதற்கு ரெகெக்ஸ்தான், அதாவது எழுத்து வரிசையில் தேடவேண்டியதைக் குறிகளால் சொல்லும் முறை. ஓர் எல்லைவரை தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

நான் பயன்படுத்தும் பேட்டர்ன்:

//(?:[^/?#@]*@)?([^:/?#]+)

இரண்டு ஸ்லாஷுக்குப் பிறகு கோலன், ஸ்லாஷ், கேள்விக்குறி, ஹேஷ் இதில் ஏதாவது வரும்வரை இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளும். எது வரலாம் என்று பட்டியல் போடாமல், எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்வதுதான் இதன் பலம். அதன் அருமை தமிழ் டொமைன் வரும்போது தெரியும். பைத்தான் நிரல்மொழியில் எழுத்தைக் குறிக்கும் \w என்ற சுருக்கக் குறியை நம்பி ‘கடலூர்’ என்று கொடுத்துப் பாருங்கள், ‘கடல’ என்று நின்றுவிடும். உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாகவே எண்ணுவதில்லை. பக்கத்து ஊர்ப் பெயர் இப்படி உடைவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பேட்டர்னின் நடுவில் இருக்கும் @ பகுதியைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். வங்கியின் பெயரை முன்னால் போட்டு, @ வைத்து, பின்னால் வேறு தளத்தை எழுதும் மோசடி லிங்க்குகள் உண்டு. பிரவுசர் போய் நிற்பது @-க்குப் பின்னால் இருக்கும் தளத்தில். இணைய முகவரியின் அமைப்பை வரையறுக்கும் ஆவணமான, 2005-இல் வந்த ஆர்எஃப்சி 3986-இன் பின்னிணைப்பிலேயே முகவரியைப் பிரிக்க ஒரு ரெகெக்ஸ் இருக்கிறது. ஆனால் அதில் @ பகுதியும் போர்ட் எண்ணும் (கோலனுக்குப் பின் வரும் எண்) டொமைனோடு ஒட்டிக்கொண்டே வரும்.

என் பேட்டர்ன் கூகுள் ஷீட்டிலும் அப்படியே ஓடுகிறது. தளப் பெயருக்குப் பதில் சதுர அடைப்புக்குள் எண்ணாக வரும் ஐபிவி6 முகவரிக்கு மட்டும் ஒத்துவராது.

எல்லை என்றேனே, அது இதுதான். புதுச்சேரி அரசுத் தளம் ‘பிஒய் டாட் ஜிஓவி டாட் இன்’, தமிழ்நாட்டுடையது ‘டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்’. கடைசி இரண்டு துண்டை எடு என்று ரெகெக்ஸ் எழுதினால் இரண்டு அரசும் ஒரே வரியில் சேர்ந்துவிடும். மூன்று துண்டு என்றால் சாதாரண ‘டாட் காம்’ தளங்கள் சிதறும். ‘டாட் காம்’, ‘ஜிஓவி டாட் இன்’ மாதிரி எந்த வால் பலருக்கும் பொதுவானது என்பது முகவரியைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற விஷயமே அல்ல. அதற்கு, அப்படிப்பட்ட பொது வால்களின் பட்டியலாக மொசில்லா தொடங்கிவைத்த பப்ளிக் சஃபிக்ஸ் லிஸ்ட் வேண்டும். ரெகெக்ஸ் பிரித்துக் கொடுப்பதை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் ரிப்போர்ட்டில் ஏற்றுகிறேன். பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால் அவ்வப்போது புதிதாக இறக்கிக்கொள்ளவும் வேண்டும்.