மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும்: கடல் காக்க இரண்டு வழிகள்

பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. அடுத்தடுத்துக் கிடக்கும் இவ்விரு கடல்களையும் காக்க அரசு மேற்கொண்ட வழிகள் நேர்மாறானவை. தெற்கே, தூத்துக்குடி முதல் மண்டபம் வரையுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. வடக்கே, அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் கடல் 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. முன்னது எல்லை வகுத்து மக்களை வெளியே நிறுத்துவது; பின்னது மீன்பிடிப்புக்குப் புதிய தடை எதுவும் விதிக்காதது.

பூங்காவின் பலனைக் குறைத்துச் சொல்ல முடியாது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்த தொழில் நின்றதற்கு, 2001-இல் பவளங்கள் வனவுயிர்ச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டதும், தீவுகளைச் சுற்றிக் காவல் இறுகியதும் காரணங்கள். ஆனால், தலைமுறைகளாக அத்தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துவந்த பெண்களும் அதே எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். விரல்களில் துணி சுற்றி, புடவைக்கு மேல் ஆண்களின் சட்டை அணிந்து, மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிக்கும் அவர்களையும் பாறையை உடைத்தவர்களையும் சட்டம் ஒரே தட்டில் வைத்தது.

அந்தப் பெண்கள் பிறகு செய்ததுதான் இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பாம்பன் தீவின் சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பாசி எடுக்கும் பெண்கள் சங்கமாகக் கூடி, மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடுவதில்லை, மீன்பிடித் தடைக்காலத்தில் 45 நாள் பாசி எடுப்பதில்லை என்று தாங்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் சூழலைக் காப்போருக்குத் தரப்படும் சீகாலஜி பரிசு கிடைத்தது. இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காவல் படகு தேவையில்லை. யார் எந்த நாளில் இறங்கினார் என்பது ஊருக்குத் தெரியும்.

பாக் விரிகுடாவின் ஆவுளியாவுக்கு வேறு வழியே கிடையாது என்பேன். தாழை எனப்படும் கடற்புல்லை மேயும் இந்தக் கடற்பசு சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். வலையில் சிக்கினால் மூழ்கியே இறந்துவிடும். அந்த நேரத்துக்குள் எந்த அதிகாரியும் கரையிலிருந்து வந்து சேர முடியாது. தன் வலையைத் தானே அறுக்க முன்வரும் மீனவர் ஒருவரால்தான் அது பிழைக்கும். அப்படி விடுவித்தவர்களை வனத்துறை பாராட்டுவதும் வலைக்கு இழப்பீடு தருவதும் சலுகைகளல்ல. திட்டத்தின் அச்சாணியே அதுதான். இழப்பீடு தாமதமானால் அடுத்த முறை கத்தியை எடுக்கக் கை தயங்கும்.

இருந்தாலும், ஊர்க்கட்டுப்பாட்டால் மட்டும் எல்லாம் ஆகிவிடாது. வாரத்தில் விசைப்படகு மூன்று நாள், நாட்டுப்படகு நான்கு நாள் என்று இந்தக் கரையில் நிலவும் ஏற்பாடு மோதல்களிலிருந்து பிறந்தது. மீனவர்கள் பேசி முடித்ததால்தான் நிலைத்தது. ஆனால் கரையை ஒட்டிய கடலுக்குள் இழுவலைப் படகு வரக்கூடாது என்ற 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறைவேற்றும் வலு நாட்டுப்படகு ஊர்களுக்கு இல்லை. தாழைப் படுகையை இழுவலை வாரிச் செல்லும்போது தடுக்க வேண்டியது அரசுதான்.

ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பாதுகாப்பக வழியையே தேர்வேன், ஒரு திருத்தத்தோடு. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமையும் மேலாண்மைக் குழுவில் கிராம ஊராட்சிகளுக்கும், வேளாண்மை, கால்நடைத் துறைகளுக்கும் இடம் உண்டு. நிலத்தை மனத்தில் வைத்து எழுதிய விதி என்பதால், கடலில் தொழில் செய்வோரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. கரையூர்களில் தொழில்நாளையும் வலையையும் முடிவுசெய்வது பெரும்பாலும் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து. அதன் பிரதிநிதிகளுக்கும், கடலில் இறங்கித் தொழில் செய்யும் பெண்களுக்கும் அந்தக் குழுவில் வாக்குரிமையுள்ள இடம் விதியாகவே எழுதப்பட வேண்டும்.