மாடியில் ஓர் அன்னாசி, முழங்கை நிறையக் கீறல்

வெட்டிய அன்னாசியின் கொண்டையை நட்டால் காய்க்குமா என்று அலுவலக நண்பர் கேட்டார். காய்க்கும். கொண்டையைத் திருகி எடுத்து, அடி இலைகளை உரித்து, சில நாள் காயவிட்டு நடுவதெல்லாம் தெரிந்த பாடம். யாரும் சொல்லாதது முள்ளைப் பற்றி.

கடையில் பார்க்கும்போது கொண்டை சாதுவாகத்தான் இருக்கும். வளர்ந்தபின் ஒவ்வோர் இலையும் இரண்டடிக்கு மேல் நீண்ட ரம்பம். நான் வாங்கியது கேரளத்து வாழக்குளத்திலிருந்து வரும் மொரீசியஸ் ரகம். இலை விளிம்பு முழுக்க முள். கியூ ரகத்தில் பெரும்பாலும் நுனிப்பக்கம் மட்டும் சில முட்கள் இருக்கும். ஆகவே பழம் வாங்கும்போதே கொண்டை இலையின் ஓரத்தில் விரலை வைத்துப் பாருங்கள்.

முள் இருந்தால் தொடாமல் விடவேண்டியதுதானே என்பீர்கள். எப்படி விடுவது? இந்தச் செடிக்குச் செய்யும் வேலை முக்கால்வாசி இலைக்கக்கத்துக்குள்தான், அதாவது இலை தண்டோடு சேரும் இடுக்கில். மழைநீர் அங்கே தேங்கினால் கொசு முட்டையிடும். பீய்ச்சியடித்து வெளியேற்ற வேண்டும். மாவுப்பூச்சி அங்கேதான் ஒளியும். எறும்புகள் அதற்குக் காவல். பஞ்சில் வேப்பெண்ணெய் தொட்டு உள்ளே துடைத்துவிட்டுக் கையை வெளியே எடுத்தால் முழங்கை வரை கோடு கோடாக எரியும். முழுக்கைச் சட்டை போட்டால் சட்டை கிழியும்.

ஆடிக்காற்றில் அம்மாவின் சுங்குடிச் சேலை கொடியிலிருந்து பறந்து அதன்மேல் விழுந்தது. முள் முள்ளாக விடுவித்தும் முந்தானை தேறவில்லை. அன்றிலிருந்து அம்மா வாயில் அது செடி இல்லை, "உன் சனியன்".

நியாயமாகச் சொன்னால் வேறு குறையே கிடையாது. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் கரியமில வாயுவை வாங்கும் சாதி என்பதால் தண்ணீர் அதிகம் கேட்காது. கத்திரி வெயிலில் ஊருக்குப் போய்த் திரும்பினாலும் அப்படியே நிற்கும். தண்ணீர் கூடினால்தான் அழுகும். கொண்டையிலிருந்து பூ வர இரண்டு வருடம் வரை ஆகலாம். நன்கு வளர்ந்தும் அடம் பிடித்தால், பழுத்த ஆப்பிள் ஒன்றைச் செடியோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையால் சில நாள் மூடிவைத்தால் போதும். அதிலிருந்து வரும் எத்திலீன் என்ற வாயு பூக்க வைக்கும்.

அந்தப் பூவை நான் எதிர்பார்க்கவே இல்லை. குருத்தின் நடுவே சிவந்த தலை ஒன்று எழுந்து, அடியிலிருந்து மேலாக, நாளுக்குச் சிலவாக ஊதாப் பூக்கள் விரிந்தன. ஒவ்வொரு பூவும் இருந்த இடம்தான் பின்னால் பழத்தின் ஒரு கண். அந்த நாட்களில் காப்பியை மாடிக்கே எடுத்துப் போனேன்.

பழத்துக்கு மேலும் ஐந்தாறு மாதம். கடைப்பழத்தில் பாதிதான் இருந்தது. ஆனால் மணம் மாடிப்படி வரை இறங்கியது. அன்னாசியில் இனிப்பாக மாறுவதற்கு மாவுச்சத்துச் சேமிப்பு இல்லை. பறித்தபின் இனிப்பு ஏறாது. முன்கூட்டியே பறித்து லாரியில் வரும் பழத்துக்கும் செடியிலேயே பழுத்ததற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அம்மாவே இரண்டாம் துண்டு கேட்டு வாங்கினார்.

இவ்வளவும் சொன்னபின், நடலாமா என்றால் வேண்டாம் என்பேன். ஒரு தண்டு ஒரே ஒரு முறைதான் காய்க்கும்; அதற்கு இத்தனை கீறலா? அடியில் பக்கக் கன்றுகள் வந்திருக்கின்றன. கொண்டையைவிட அவை சீக்கிரம் காய்க்கும். நண்பர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் உள்ளே கையை விட்டு அவரேதான் உடைத்துக்கொள்ள வேண்டும்.